வானைக் கண்காணிக்கும் பொறுப்பு யாருடையது? புறவெளிக் குழுவின் உறுப்பு நாடுகளுக்கு ஒரு திறந்த மடல்

புறவெளியை அமைதிவழியில் பயன்படுத்துவதற்கான ஐக்கிய நாடுகள் குழுவில் இடம்பெற்றுள்ள நாடுகளின் பேராளர்களுக்கும், அந்த நாடுகளின் நிதியைப் பங்கிடும் அமைச்சகங்களின் பொறுப்பாளர்களுக்கும்:

2029ஆம் ஆண்டைச் சிறுகோள் விழிப்புணர்வுக்கும் புவிப் பாதுகாப்புக்குமான பன்னாட்டு ஆண்டாக ஐ.நா. பொதுச் சபை அறிவித்திருக்கிறது. அந்த ஆண்டு ஏப்ரல் 13ஆம் நாள், ஏறத்தாழ 340 மீட்டர் அகலமுள்ள அபோஃபிஸ் என்ற சிறுகோள் புவியின் மேற்பரப்பிலிருந்து சுமார் 32,000 கிலோமீட்டர் தொலைவில், தகவல்தொடர்புச் செயற்கைக்கோள்கள் பல சுற்றிவரும் உயரத்துக்கும் கீழாக, கடந்து செல்லும். அது மோதாது, அடுத்த 100 ஆண்டுகளுக்கேனும் அதனால் ஆபத்தில்லை என்பதை 2021இல் எடுக்கப்பட்ட ரேடார் அளவீடுகள் உறுதிசெய்துவிட்டன. கோடிக்கணக்கானோர் வெறுங்கண்ணால் அதைப் பார்க்கவிருக்கும் ஆண்டு என்பதால்தான் அந்த ஆண்டைத் தேர்ந்தெடுத்தீர்கள். ஆனால் ஆண்டுக்குப் பெயர் சூட்டிய நீங்கள், அந்தப் பெயருக்குரிய வேலையை யார் செய்வது, எந்தப் பணத்தில் செய்வது, செய்யத் தவறினால் யார் பதில் சொல்வது என்பவற்றை எழுதாமல் விட்டுவிட்டீர்கள். இந்த விடுபடலை அமைதியாக ஏற்க முடியாததால்தான் எழுதுகிறேன்.

உங்கள் குழுவின் பரிந்துரையால் 2013இல் பொதுச் சபையின் வரவேற்பைப் பெற்ற அமைப்புகள் இரண்டு: கண்டுபிடித்து எச்சரிப்பதற்கான பன்னாட்டுச் சிறுகோள் எச்சரிக்கை வலையமைப்பும், திசைதிருப்பும் வழிகளை ஆராய்வதற்கான விண்வெளித் திட்ட ஆலோசனைக் குழுவும். இரண்டும் தன்விருப்ப அடிப்படையிலேயே இயங்குகின்றன. பங்கேற்கும் ஒவ்வொரு நிறுவனமும் தன் செலவைத் தானே ஏற்கிறது. அவை தரும் அறிவுரை எந்த நாட்டையும் கட்டுப்படுத்தாது. மனித இனம் முழுவதற்குமான காவல், விருப்பமுள்ள சிலரின் நல்லெண்ணத்தில் நிற்கிறது.

அந்த நல்லெண்ணத்தில் ஒரு சிறு பங்கு என்னுடையது. நான் தொழில்முறை வானியலாளர் அல்லன். சொந்தப் பணத்தில் வாங்கிய தொலைநோக்கி ஒன்றும் கேமரா ஒன்றும் வைத்துக்கொண்டு, பெரிய தேடல் மையங்கள் புதிதாகக் கண்டு உறுதிப்படுத்தக் கேட்கும் பொருள்களைப் பின்தொடர்ந்து அளப்பவன். ஒரே வானப்பகுதியைச் சில நிமிட இடைவெளிகளில் பலமுறை படமெடுப்போம்; விண்மீன்கள் இருந்த இடத்திலேயே இருக்க, ஒரு மங்கலான புள்ளி மட்டும் நகர்ந்திருக்கும். விண்மீன் அட்டவணையோடு ஒப்பிட்டு அதன் நிலையையும் நேரத்தையும் கணித்து, எல்லா அளவீடுகளையும் திரட்டும் சிறுகோள் மையத்துக்கு அனுப்புவோம். இப்படிச் சேரும் அளவீடுகளிலிருந்துதான் சுற்றுப்பாதை பிறக்கிறது. முதல் இரவோடு அளவீடு நின்றுவிட்டால், அந்தப் பொருள் நாளை எங்கே இருக்கும் என்ற கணிப்பில் உள்ள பிழை நாளுக்கு நாள் விரிந்து, சில வாரங்களில் வானத்தின் பெரும்பகுதியை மூடிவிடும். பொருளோ விலகிச் சென்று மங்கிப்போகும். அதைத் தொலைந்தது என்று குறித்து வைப்பதைத் தவிர வேறு வழியில்லை. மேகம் மறைத்ததாலும், முழுநிலவின் ஒளி மிகுந்ததாலும், அந்தத் தீர்க்கரேகையில் அந்த நேரத்தில் திறந்திருந்த தொலைநோக்கி எதுவும் இல்லாததாலும் தொலைந்துபோனவற்றை நான் பார்த்திருக்கிறேன். மேகத்தையும் நிலவையும் குறித்து உங்களிடம் முறையிட ஒன்றுமில்லை. தொலைநோக்கி இல்லாமற்போனதைக் குறித்து முறையிட நிறைய இருக்கிறது.

தெற்கு வானத்தின் கதையைப் பாருங்கள். புவிக்கு அருகில் வரும் பொருள்களைத் தேடுவதற்கென்றே தென்கோளத்தில் இயங்கிய ஆய்வு, ஆஸ்திரேலியாவின் சைடிங் ஸ்பிரிங் மையத்தில் இருந்தது. 2013 ஜனவரி 3ஆம் நாள் அங்கே ராபர்ட் மக்நாட் ஒரு வால்மீனைக் கண்டுபிடித்தார். சூரியக் குடும்பத்தின் வெளி எல்லையிலுள்ள ஊர்ட் மேகத்திலிருந்து முதன்முறையாக உள்ளே வந்த அந்த வால்மீன் செவ்வாயில் மோதும் வாய்ப்பும் உண்டு என்று தொடக்கத்தில் கணிக்கப்பட்டது. மோதவில்லை, 2014 அக்டோபர் 19 அன்று செவ்வாயிலிருந்து ஏறத்தாழ 1,40,000 கிலோமீட்டர் தொலைவில், நமக்கும் நிலவுக்கும் உள்ள இடைவெளியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கில், விநாடிக்கு சுமார் 56 கிலோமீட்டர் வேகத்தில் கடந்தது. கண்டுபிடித்ததற்கும் அது கடந்துசென்றதற்கும் இடையே 22 மாதம்கூட இல்லை. ஒரு கோளின்மீது மோதக்கூடிய பொருளைப் பற்றி நமக்கு எவ்வளவு குறுகிய அவகாசம் கிடைக்கும் என்பதை அவ்வளவு தெளிவாகக் காட்டிய அதே 2013ஆம் ஆண்டில், நிதி நின்றுபோனதால் அந்தத் தேடல் மூடப்பட்டது. பிறகு பல ஆண்டுகள் தெற்கு வானத்துக்கென அரசு நிதியில் இயங்கும் பெரிய தேடல் எதுவும் இல்லை. சிலியிலும் தென்னாப்பிரிக்காவிலும் சிறுகோள்களைத் தேடும் அட்லஸ் தொலைநோக்கிகள் இயங்கத் தொடங்கியது 2022இல்தான்.

இடைப்பட்ட காலத்தில் என்ன நடந்தது? 2019 ஜூலை 24 அன்று பிரேசிலில் சோனியர் என்ற ஆய்வகத்தை நடத்தும் ஆர்வலர்கள் ஒரு சிறுகோளைக் கண்டார்கள். 2019 ஓகே என்று பெயரிடப்பட்ட அது, மதிப்பீடுகளின்படி 57 முதல் 130 மீட்டர் வரை அகலம் கொண்டது. அடுத்த நாளே அது புவியிலிருந்து சுமார் 72,000 கிலோமீட்டர் தொலைவில் கடந்து சென்றது. ஒரு பெருநகரத்தை அழிக்கும் ஆற்றல் கொண்ட பொருளைப் பற்றி உலக நாடுகள் அனைத்துக்கும் கிடைத்த முன்னறிவிப்பு ஒரு நாள். அந்த ஒரு நாளைத் தந்தவர்களும் ஆர்வலர்களே. அவர்கள் என்னைப் போன்றவர்கள் என்பதில் எனக்குப் பெருமை உண்டு. உங்களுக்கு அது கவலை தரவேண்டும்.

பின்னர், 2024 டிசம்பர் 27 அன்று சிலியிலுள்ள அட்லஸ் தொலைநோக்கி 2024 ஒய்ஆர்4 என்ற சிறுகோளைக் கண்டது. அது ஏற்கனவே இரண்டு நாள்களுக்கு முன்பு நம்மை நெருங்கிக் கடந்து, விலகிப் போய்க்கொண்டிருந்தது. 2032 டிசம்பர் 22 அன்று அது புவியில் மோதும் வாய்ப்பு 1 விழுக்காட்டைத் தாண்டியபோது, 2025 ஜனவரி 29 அன்று எச்சரிக்கை வலையமைப்பு தன் வரலாற்றில் முதன்முறையாக முறைப்படியான அறிவிப்பை வெளியிட்டது. பிப்ரவரி 18 அன்று வாய்ப்பு 3.1 விழுக்காடு வரை உயர்ந்தது. அடுத்த சில நாள்களில் கூடுதல் அளவீடுகள் சேர்ந்ததும் ஏறத்தாழ இல்லாமற்போனது. எண் ஏறி இறங்கியது கணக்கின் குளறுபடி என்று பலர் நினைத்தார்கள். சுற்றுப்பாதைக் கணிப்பு அப்படித்தான் நடக்கும்: பிழையின் எல்லை சுருங்கும்போது, புவி அந்த எல்லைக்குள் இருக்கும்வரை வாய்ப்பு ஏறும், எல்லைக்கு வெளியே போனதும் சரிந்துவிடும். இதை மக்களுக்கு அவரவர் மொழியில் பொறுமையாகச் சொல்ல ஓர் ஆள் பெரும்பாலான நாடுகளில் இல்லை. அந்த வாரங்களில் என்னை அறிந்தவர்களெல்லாம் என்னைக் கேட்டார்கள். அச்சமூட்டும் தலைப்புகளைப் படித்துவிட்டு, பிள்ளைகளுக்கு என்ன சொல்வது என்று கேட்ட பெற்றோர் இருந்தார்கள்.

மோதலுக்கு வாய்ப்புள்ள பாதை பசிபிக்கின் கிழக்கிலிருந்து தென் அமெரிக்காவின் வடபகுதி, அட்லாண்டிக், ஆப்பிரிக்கா, அரபிக்கடல் வழியாகத் தெற்காசியா வரை நீண்டிருந்தது. அப்பாதையில் வாழும் மக்களுக்கு அறிவிப்பது யார் பொறுப்பு என்று பேரிடர் மேலாண்மைக்குப் பொறுப்பான ஓர் அலுவலகத்தை எழுத்தில் கேட்டேன். விண்வெளி தங்கள் வரம்புக்குள் வராது என்று பதில் வந்தது. விண்வெளிக்குப் பொறுப்பான அலுவலகத்தைக் கேட்டேன். பொதுமக்களுக்கு எச்சரிக்கை விடுப்பது தங்கள் வரம்புக்குள் வராது என்றார்கள். பதில் எழுதியவர்கள் மரியாதையோடுதான் எழுதினார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. இரண்டு வரம்புகளுக்கும் நடுவே ஒரு சிறுகோள் விழும் அளவுக்கு இடம் இருக்கிறது என்பதை மட்டும் உங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

ஒய்ஆர்4 தென்பட்ட தொலைநோக்கி சிலியில் இல்லாதிருந்தால், அல்லது அது வேறோர் ஆண்டில் வந்திருந்தால், இந்த அளவீடுகள் எங்கிருந்து வந்திருக்கும்? பிற்பகுதி அளவீடுகள் ஏற்கனவே என் கருவிக்கு எட்டாத மங்கலில் இருந்தன. பெரிய தொலைநோக்கிகளும் இறுதியில் ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியும்தான் அதைப் பின்தொடர்ந்து, ஏறத்தாழ 60 மீட்டர் அளவுடையது என்று கண்டன. ஆர்வலர்களால் ஆகக்கூடியதற்கு ஓர் எல்லை உண்டு.

எல்லா வேலையும் கைவிடப்பட்டுக் கிடக்கிறது என்று நான் சொல்லவில்லை. ஒரு கிலோமீட்டருக்கு மேற்பட்ட, உலகளாவிய அழிவைத் தரக்கூடிய சிறுகோள்களில் 95 விழுக்காட்டுக்கு மேல் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டன, 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் மெக்சிகோவின் சிக்சுலூப்பில் சுமார் 180 கிலோமீட்டர் குழியைத் தோண்டிய, ஏறக்குறைய 10 கிலோமீட்டர் அளவிலான பொருளைப் போன்றது எதுவும் அறியப்பட்ட பாதைகளில் நம்மை நோக்கி வரவில்லை. இது அமெரிக்கக் காங்கிரசு 1998இல் ஓர் இலக்கை வைத்துப் பணமும் ஒதுக்கியதால் கிடைத்த பயன். ஆனால் அதே நாடு 2005இல் சட்டமாக இயற்றிய அடுத்த இலக்கு, 140 மீட்டருக்கு மேற்பட்டவற்றில் 90 விழுக்காட்டை 2020க்குள் கண்டுபிடிப்பது, நிறைவேறவில்லை. சுமார் 25,000 இருக்கும் என மதிப்பிடப்படும் அவற்றில் பாதிக்கும் குறைவாகவே இன்றுவரை தெரியும். இலக்கை எழுதியவர்கள் அதற்கேற்ற கருவிக்குப் பணத்தை உரிய காலத்தில் தரவில்லை. விண்வெளியிலிருந்து அகச்சிவப்பில் தேடவேண்டிய நியோ சர்வேயர் தொலைநோக்கி 2022இல் வந்த நிதிக்குறைப்பால் ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போனது.

அந்தத் தாமதத்தின் பொருள் எழுத்தில் பார்ப்பதைவிடப் பெரியது. நிலத்திலுள்ள தொலைநோக்கி இரவில்தான் பார்க்கும். சூரியன் இருக்கும் பக்கத்திலிருந்து வருவதை அது பார்ப்பதில்லை. 2013 பிப்ரவரி 15 காலையில் ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகரத்துக்கு மேலே வெடித்த, சுமார் 20 மீட்டர் அகலமுள்ள விண்கல் அந்தப் பக்கத்திலிருந்துதான் வந்தது. எவரும் அதை முன்னறியவில்லை. ஒளியைக் கண்டு சன்னலருகே ஓடி நின்றவர்கள்மீது, சற்றுப் பிந்தி வந்த அதிர்வலை கண்ணாடிகளை உடைத்தெறிந்தது. ஏறத்தாழ 1,500 பேர் காயமடைந்தனர். சன்னலைவிட்டு விலகி நில்லுங்கள் என்ற ஒரு வரி எச்சரிக்கை அவர்களில் பெரும்பாலோரைக் காத்திருக்கும்.

ரேடாரைப் பற்றியும் சொல்ல வேண்டும். போர்ட்டோ ரிக்கோவில் இருந்த, 305 மீட்டர் விட்டம் கொண்ட அரேசிபோ தொலைநோக்கியின் கம்பிவடங்கள் 2020 ஆகஸ்டிலும் நவம்பரிலும் அறுந்தன. டிசம்பர் 1 அன்று அது முழுவதுமாக இடிந்து விழுந்தது. புவிக்கு அருகில் வரும் சிறுகோளின் தொலைவையும் வடிவையும் சுழற்சியையும் அதைவிடத் திறமையாக அளந்த கருவி வேறில்லை. அதை மீண்டும் கட்டுவதில்லை என்று 2022இல் முடிவெடுத்தார்கள். அதற்கு ஈடாகப் பன்னாட்டுக் கருவி ஒன்றைச் சேர்ந்து கட்டுவோம் என்று உங்களில் எந்த நாடும் அப்போது முன்வரவில்லை. 2025இல் அமெரிக்க அரசின் வரவு செலவு முன்மொழிவோ இன்னும் ஒருபடி மேலே சென்று, பெனு சிறுகோளின் மாதிரியை 2023இல் கொண்டுவந்து கொடுத்துவிட்டு அபோஃபிஸை நோக்கித் திருப்பப்பட்ட, வானில் பறந்துகொண்டிருக்கும் விண்கலத்தையே நிறுத்திவிடச் சொன்னது.

திசைதிருப்ப முடியும் என்பதற்கு இப்போது சான்று இருக்கிறது. 2022 செப்டம்பர் 26 அன்று நாசாவின் டார்ட் விண்கலம் விநாடிக்கு சுமார் 6 கிலோமீட்டர் வேகத்தில் வேறொரு சிறுகோளைச் சுற்றிவரும் டைமார்ஃபஸ் என்ற சிறுகோள் மீது மோதி, 11 மணி 55 நிமிடமாக இருந்த அதன் சுற்றுக்காலத்தை ஏறத்தாழ 33 நிமிடம் குறைத்தது. மொத்தச் செலவு ஏறத்தாழ 32.5 கோடி டாலர். ஆனால் இத்தகைய தள்ளல் மிகச் சிறியது; அது பெருகுவதற்குக் காலம் வேண்டும். விநாடிக்கு 1 சென்டிமீட்டர் என்ற மாற்றம் 10 ஆண்டுகளில் நேர்க்கணக்கிலேயே 3,000 கிலோமீட்டரைத் தாண்டும். சுற்றுப்பாதையின் காலமும் மாறுவதால் உண்மையான விலகல் அதன் பலமடங்காகும். அதே தள்ளலை மோதலுக்கு ஓராண்டு முன்பு செய்தால் புவியைத் தவிர்க்கப் போதாது. ஆகவே தேடலுக்கு ஒதுக்கும் பணத்தில் நீங்கள் வாங்குவது அந்தப் பத்து ஆண்டுகளைத்தான். வேறு எந்தச் செலவாலும், எவ்வளவு பெரிய ஏவுகலத்தாலும், கடைசி ஆண்டில் அதை வாங்க முடியாது.

இதில் நீங்கள் பேசத் தயங்கும் கேள்வி ஒன்றும் உண்டு. சிறுகோளைத் தள்ளும்போது அது விழக்கூடிய இடம் புவியின்மேல் ஒரு கோட்டில் நகரும். தள்ளல் முழுமையடையாமல் நின்றால், ஒரு நாட்டின்மேல் இருந்த ஆபத்து இன்னொரு நாட்டின்மேல் போய் நிற்கும். எந்தத் திசையில் தள்ளுவது என்று முடிவெடுக்கும் நாடு, எந்த மக்களை இடையில் ஆபத்துக்கு உள்ளாக்குவது என்பதையும் சேர்த்தே முடிவெடுக்கிறது. அவகாசம் குறைவாக இருந்து அணுவெடிப்பைத் தவிர வழியில்லை என்றால், அத்தகைய ஆயுதத்தைப் புவிச் சுற்றுப்பாதையில் நிறுத்தவோ விண்வெளியில் நிலைகொள்ளச் செய்யவோ 1967ஆம் ஆண்டின் புறவெளி உடன்படிக்கை தடை செய்கிறது. இந்தத் தடையை நான் மதிக்கிறேன். எவரும் தனித்து அதை மீறுவதை விரும்பவில்லை. அதனாலேயே, அச்சம் தலைக்கேறாத இன்றைய நாளில் விதிகளைப் பேசி முடிக்க வேண்டும் என்கிறேன். மோதலுக்கு ஐந்தாண்டு இருக்கையில் கூடிப் பேசும் நாடுகள், தங்கள் நிலப்பரப்பு அந்தக் கோட்டில் எங்கே இருக்கிறது என்பதைப் பார்த்துக்கொண்டுதான் பேசும்.

சிறுகோள்களை முதலில் எழுதியதால் அவைதாம் பெரிய ஆபத்து என்று கொள்ள வேண்டாம். நான் அறிந்த வேலை அது என்பதால் அங்கிருந்து தொடங்கினேன். அவற்றைவிட விரைவில் நம்மைத் தாக்கக்கூடியது சூரியன். 1859 செப்டம்பர் 1 அன்று ஆங்கிலேய வானியலாளர் ரிச்சர்ட் காரிங்டன் சூரியப் புள்ளிகளுக்கிடையே வெள்ளொளிக் கிளர்ச்சி ஒன்றைக் கண்டார். பதினெட்டு மணி நேரத்துக்குள் புவியின் காந்தப்புலம் குலைந்து தந்திக் கம்பிகள் தீப்பொறி கக்கின. அன்று தந்தி மட்டுமே இருந்தது. 1989 மார்ச் 13 அன்று அதைவிட மிகச் சிறிய சூரியப் புயல் கனடாவின் கியூபெக் மாகாண மின்கட்டமைப்பை ஒன்றரை நிமிடத்தில் வீழ்த்தி, 60 லட்சம் பேரை ஒன்பது மணி நேரம் இருளில் வைத்தது. 2012 ஜூலை 23 அன்று காரிங்டன் நிகழ்வோடு ஒப்பிடத்தக்க சூரிய வெடிப்பு ஒன்று புவியின் சுற்றுப்பாதையைக் கடந்தது. ஏறத்தாழ ஒரு வாரம் முன்னதாக நிகழ்ந்திருந்தால் அதன் வழியில் புவி இருந்திருக்கும். அதே 2012இல் ஃபுசா மியாகேயும் சக ஆய்வாளர்களும் மரவளையங்களில் கண்ட கரிமம்-14 என்ற கதிரியக்கக் கரிமத்தின் உயர்வு, கி.பி. 774-775இல் இவை எல்லாவற்றையும்விடப் பலமடங்கு வலிய துகள்வீச்சு புவியை அடைந்திருக்கிறது என்பதைக் காட்டுகிறது.

சூரியப் புயல் மனித உடலை நேரடியாகக் கொல்லாது. நீண்ட மின்கம்பிகளில் மின்னோட்டத்தைத் தூண்டி, உயர் மின்னழுத்த மின்மாற்றிகளைச் சூடாக்கிக் கெடுக்கும். அத்தகைய பெரிய மின்மாற்றிகளைக் கடையில் போய் வாங்கிவர முடியாது; ஒவ்வொன்றும் தனித்தனியாகச் செய்யப்படுகிறது, செய்து முடிக்க ஓராண்டுக்கு மேலும் ஆகிறது. ஒரு கண்டத்தின் மின்மாற்றிகளில் பல ஒரே இரவில் பழுதானால், குடிநீரேற்றம், குளிர்சேமிப்பு, மருத்துவமனை, எரிபொருள் வழங்கல் என்று ஒன்றையொன்று நம்பியிருக்கும் எல்லாம் வரிசையாக நின்றுபோகும். புயல் புவியை அடைவதற்கு முன் அதன் காந்தப்புலத்தின் திசையை நேரில் அளக்கும் விண்கலங்கள் 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில், சூரியனுக்கும் நமக்கும் இடையே நிற்கின்றன. அங்கிருந்து கிடைக்கும் உறுதியான எச்சரிக்கை 15 முதல் 60 நிமிடம். அந்த நிமிடங்களில் யார் எந்தச் சுமையைக் குறைப்பது, எந்த மின்தொடரைத் துண்டிப்பது என்பது முன்னரே எழுதிப் பழகியிருந்தால்தான் பயன்படும். 2024 மே மாதப் சூரியப் புயலின்போது வானில் தோன்றிய வண்ண ஒளியைப் படமெடுத்து உலகமே மகிழ்ந்தது; நானும் அதைக் கண்டு வியந்தவன்தான். அதே இரவில் தங்கள் மின்கட்டமைப்பு என்ன செய்தது என்பதை மக்களுக்கு வெளிப்படையாகச் சொன்ன அரசுகள் எத்தனை?

எரிமலைகள் உங்கள் குழுவின் வரம்புக்குள் வராதவை என்று அறிவேன். நிதி அமைச்சகங்களையும் சேர்த்து விளித்தது அதற்காகவே. 1815 ஏப்ரலில் இந்தோனேசியாவின் தம்போரா வெடித்தது. அதன் கந்தகத் துகள்கள் மேல்வளிமண்டலத்தில் படர்ந்ததால் 1816இல் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் கோடை வரவில்லை, பயிர் கருகியது, பஞ்சம் வந்தது. அதற்கிணையான அல்லது அதனினும் பெரிய வெடிப்பு இந்த நூற்றாண்டில் நிகழும் வாய்ப்பு ஆறில் ஒன்று என்று பனிப்பாளச் சான்றுகளைக் கொண்டு ஆய்வாளர்கள் 2022இல் கணித்துள்ளனர். இந்த மடலில் உள்ள ஆபத்துகளில் நம் பிள்ளைகள் காண அதிக வாய்ப்புள்ள ஒன்றாக நான் கருதுவது இதுவே. ஆயினும் இதற்காகச் செலவிடப்படும் பணம் சிறுகோள்களுக்கானதைவிடக் குறைவு.

எச்சரிக்கை இருந்தும் கேட்காவிட்டால் என்ன ஆகும், கேட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஆறு ஆண்டு இடைவெளியில் இரண்டு சான்றுகள் உள்ளன. கொலம்பியாவின் நெவாடோ டெல் ரூயிஸ் எரிமலையின் ஆபத்து வரைபடம் 1985 அக்டோபரில் வெளியிடப்பட்டது. நவம்பர் 13 இரவில் சிறிய வெடிப்பொன்று பனியை உருக்கியது. சேற்றுவெள்ளம் ஆர்மெரோ நகரத்தை அடைய இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. வெளியேறச் சொல்லும் ஆணை அந்த நகரத்தைச் சென்றடையவில்லை. ஏறத்தாழ 23,000 பேர் இறந்தார்கள். அந்தத் துயரத்துக்குப் பிறகு அமெரிக்கா அமைத்த எரிமலைப் பேரிடர் உதவிக் குழு, 1991இல் பிலிப்பைன்சின் பினாட்டுபோ குமுறத் தொடங்கியபோது அந்நாட்டு அறிவியலாளர்களோடு சேர்ந்து கருவிகளை நிறுவி, ஜூன் 15 அன்று நிகழ்ந்த பெருவெடிப்புக்கு முன்பே பல்லாயிரம் பேரை வெளியேற்ற வைத்தது. குறைந்தது 5,000 உயிர்கள் காக்கப்பட்டன என்பது மதிப்பீடு. அந்த எரிமலை 500 ஆண்டுகளாகத் தூங்கிக்கிடந்தது. உலகத்தில் அப்படித் தூங்கும் எரிமலைகள் பலவற்றின்மீது இன்றும் ஒரு நிலநடுக்கமானிகூட இல்லை.

அருகில் வெடிக்கும் விண்மீனையோ நம் திசை நோக்கிய காமாக் கதிர் வெடிப்பையோ பற்றி உங்களிடம் நான் எதுவும் கேட்கவில்லை. 2022 அக்டோபர் 9 அன்று 200 கோடி ஒளியாண்டு அளவிலான தொலைவிலிருந்து வந்த ஒரு காமாக் கதிர் வெடிப்பு நம் வளிமண்டலத்தின் மேலடுக்கையே அசைத்தது உண்மை. ஆனால் ஆபத்தான தொலைவுக்குள் வெடிக்கக் காத்திருக்கும் பெருவிண்மீன் எதுவும் இப்போது அறியப்படவில்லை, இருந்தாலும் அதைத் தடுக்க எந்த அரசாலும் ஆகாது. ஆகாததையும் ஆவதையும் ஒரே கூடையில் போட்டு, எல்லாம் விதி என்று கைகழுவும் பேச்சை அமைச்சர்கள் வாயிலிருந்தே கேட்டிருப்பதால் இதை எழுத நேர்ந்தது.

அரிதாக நிகழ்வதற்கு அவசரத் தேவைகளின் பணத்தை எப்படி ஒதுக்குவது என்று நீங்கள் கேட்பீர்கள். நேர்மையான கேள்விதான். பசித்தவர்களின் சோற்றுப் பணத்தை எடுத்துத் தொலைநோக்கி கட்டுங்கள் என்று எவரும் கேட்க மாட்டார்கள். ஆனால் பசிபிக் பெருங்கடலில் 1949 முதல் ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் இயங்கிவந்தது. இந்தியப் பெருங்கடலில் அரிதாகவே நிகழும் என்று அங்கே அது அமைக்கப்படவில்லை. 2004 டிசம்பர் 26 அன்று இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அவர்களில் பெரும்பகுதியினர், நிலநடுக்கம் நிகழ்ந்து ஒன்றரை, இரண்டு மணி நேரம் கழித்தும் அலை வந்து சேராத தொலைவிலுள்ள கரைகளில்கூட, எந்த எச்சரிக்கையும் பெறவில்லை. அதன்பின் சில ஆண்டுகளுக்குள் மையமும் மிதவைகளும் வந்துவிட்டன. அதே பணம், அதே தொழில்நுட்பம், அதே அறிவியலாளர்கள். இடையில் மாறியது இறந்தவர்களின் எண்ணிக்கை ஒன்றுதான். தற்செயலாக, அபோஃபிஸ் 2029இல் மோதும் வாய்ப்பு 2.7 விழுக்காடு என்று கணக்கு காட்டியதும் அந்த ஆழிப்பேரலைக்கு மறுநாள்தான். கடல் தந்த துயரத்தில் மூழ்கியிருந்த உலகம் அதைக் கவனிக்கவே இல்லை.

ஆகவே உங்களிடம் நான் கேட்பவை இவை.

பன்னாட்டுச் சிறுகோள் எச்சரிக்கை வலையமைப்புக்கு உறுப்பு நாடுகள் ஒவ்வொன்றும் தன் பொருளாதாரத்துக்கேற்ற கட்டாயப் பங்களிப்பைச் செலுத்தும் ஏற்பாட்டை, பிப்ரவரியில் கூடும் அறிவியல் தொழில்நுட்பத் துணைக்குழுவில் முன்வைத்து, 2029 முடிவதற்குள் நிறைவேற்றுங்கள். அந்தப் பணத்தில் முதலாவதாக, நியோ சர்வேயர் பழுதானால் வேலை நிற்காதபடி, சூரியன் பக்கத்தைப் பார்க்கும் இரண்டாவது அகச்சிவப்புத் தொலைநோக்கிக்கும், தென்கோளத்தில் சிறுகோள்களை அளக்கும் ஒரு ரேடாருக்கும் வழி செய்யுங்கள். இயங்கும் எந்தத் தேடலையும் மூட நினைக்கும் நாடு குறைந்தது இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே உங்கள் குழுவுக்கு அறிவிக்க வேண்டும் என்றும், மாற்று ஏற்பாடு உறுதியாகும்வரை அதை நடத்தும் செலவைப் பிற நாடுகள் பகிர வேண்டும் என்றும் விதி செய்யுங்கள்.

திசைதிருப்பும் முடிவை எந்த அவை எடுக்கும், ஆபத்துப் பாதையில் உள்ள நாடுகளின் குரல் அதில் எவ்வாறு ஒலிக்கும், தள்ளல் தவறினால் இழப்பீட்டை யார் தருவார், 1967ஆம் ஆண்டின் தடைக்கு விலக்கு தேவைப்பட்டால் அதை எவர் எந்தப் பெரும்பான்மையில் வழங்கலாம் என்பவற்றைச் சட்டத் துணைக்குழுவிடம் ஒப்படைத்து, வரைவை மக்கள் பார்வைக்கு வெளியிடுங்கள்.

சூரியனுக்கும் புவிக்கும் இடையே நிற்கும் கண்காணிப்புக் கலங்களுக்கு எப்போதும் ஒரு மாற்றுக் கலம் ஆயத்தமாக இருக்கட்டும். உங்கள் நாட்டின் மின்வாரியங்கள் உயர் மின்னழுத்த மின்மாற்றிகளில் எத்தனையை இருப்பில் வைத்திருக்கின்றன என்பதையும், கடைசியாக எப்போது காந்தப்புயல் ஒத்திகை நடத்தின என்பதையும் ஆண்டுதோறும் வெளியிடச் செய்யுங்கள். மக்கள் வாழும் பகுதிகளுக்கு அருகிலுள்ள ஒவ்வோர் உயிர்ப்புள்ள எரிமலைக்கும் குறைந்தபட்ச நிலநடுக்கமானிகளையும் வாயு அளவீட்டையும் நிறுவ, வசதியுள்ள நாடுகள் பொதுநிதி ஒன்றை உருவாக்கட்டும்; உலக விளைச்சல் ஓராண்டு பொய்த்தால் தானியத்தைப் பங்கிடும் ஒப்பந்தத்தையும் அதோடு சேர்த்துப் பேசுங்கள்.

இறுதியாக, வானிலிருந்தோ சூரியனிலிருந்தோ வரும் ஆபத்தைப் பற்றித் தன் மக்களுக்கு அவர்கள் பேசும் மொழிகளில் அறிவிக்க ஒவ்வொரு நாடும் ஒரே ஓர் அலுவலகத்தைப் பெயர் குறித்து நியமிக்க வேண்டும். அதன் முகவரியும் தொலைபேசி எண்ணும் பொதுவில் இருக்க வேண்டும். கேட்பவரை இன்னொரு துறைக்கு அனுப்ப அதற்கு அனுமதி இருக்கக்கூடாது. இந்தக் கோரிக்கைகளில் எதை ஏற்கிறீர்கள், எதை மறுக்கிறீர்கள், மறுப்பதற்குக் காரணம் என்ன என்பதை வியன்னாவில் ஜூன் மாதம் கூடும் உங்கள் முழு அமர்வின் பதிவேட்டில், நாடு நாடாக, எழுத்தில் பதிவு செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
புதிய சிறுகோள்களைப் பின்தொடர்ந்து அளக்கும் ஓர் ஆர்வலர்